லஸ்கர் நடக்காத கரை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மனித செல்லில் புரதம் தயாராவதை மருந்து கொடுத்து நிறுத்தினால், பல தூது ஆர்.என்.ஏக்கள் (புரதம் செய்ய மரபணு அனுப்பும் செய்திப் படிகள்), வழக்கமாகச் செல்லே அழித்துவிடும் பழுதான செய்திகள் உட்பட, அழியாமல் தங்கிவிடுகின்றன என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கும்பகோணம் வீட்டுக்கு வந்த கடிதங்களைச் சேர்த்தால் ஒரு முறம் நிறையும். குறுவை நடவுக்கு நடுவே சேற்றுக் கையோடு எழுதிய அஞ்சலட்டையும் அதில் ஒன்று. மற்றக் கேள்விகள் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். இந்த மாதம் முழுவதும் இதுதான்.

முதுகலை உயிர்வேதியியல் மாணவி, மன்னார்குடி

*வணக்கம் அம்மா. வகுப்புக் கருத்தரங்குக்காக ஒரு ஆய்வுக் கட்டுரை படித்தேன். மனித செல்களுக்குச் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்ததும் சி-மிக் என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. பல மடங்கு கூடியிருந்தது. மருந்து அந்த மரபணுவைத் தூண்டிவிட்டது என்று எங்கள் சார் விளக்கினார். புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்து ஒரு மரபணுவை எதற்காகத் தூண்ட வேண்டும்? கேட்கத் தயக்கமாக இருந்தது.*

இதே முடிவை நானும் ஒருமுறை சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேனம்மா. 1986. சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். வளர்ப்புத் தட்டில் இருந்த மனித செல்களுக்குச் சைக்ளோஹெக்சிமைடு கொடுத்தேன். சில மணி நேரம் கழித்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தேன். பாஸ்பரஸ் 32 ஏற்றிய டி.என்.ஏ. துணுக்கை அதில் ஒட்டவைத்து, எக்ஸ்ரே படலத்தில் பதித்தேன். மருந்து கொடுக்காத வரிசையில் பூனைமுடி போல ஒரு கோடு. மருந்து கொடுத்த வரிசையில் கரிக்கட்டையால் தீட்டியது போலக் கறுத்த பட்டை. 'மரபணு தூண்டப்பட்டது' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வழிகாட்டியிடம் ஓடினேன்.

என் தகப்பனார் திருவாரூர்ப் பக்கம் பொதுப்பணித் துறையில் வாய்க்காலையும் மதகையும் கவனிக்கும் லஸ்கராக இருந்தவர் என்பது வழிகாட்டிக்குத் தெரியும். படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது. வரத்து கூடியதா, வடிகால் அடைபட்டதா? லஸ்கர் வீட்டுப் பெண் இதைக் கேட்காமல் வரலாமா?" என்றார். அன்றைக்கு முகம் சுருங்கிப் போனது. அதற்குப் பிறகு முப்பது வருடம் பாடம் நடத்தினேன். ஆர்.என்.ஏ. அளவு பற்றிப் பேசும் ஒவ்வொரு வகுப்பையும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன்.

வரத்தையும் வடிகாலையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. தலைப்பு மதகை அடைத்துவிட்டுத் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பதுதான். செல்லில் மதகை அடைப்பதற்கு ஆக்டினோமைசின் டி இருக்கிறது. அது டி.என்.ஏ.விலிருந்து புதுப் படி எடுப்பதை நிறுத்திவிடும். வெறும் ஆக்டினோமைசின் கொடுத்தால் சி-மிக் செய்தி 10 முதல் 30 நிமிடத்துக்குள் பாதியாகிவிடுகிறது. கூடவே சைக்ளோஹெக்சிமைடும் கொடுத்தால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கிறது. ஆக, வடிகால்தான் அடைபட்டிருக்கிறது.

உங்கள் சார் சொன்னதையும் அடியோடு தள்ளிவிடாதே. செல்லில் சில காவல் புரதங்கள் நெடுநேரம் வாழாதவை. ஐ-கப்பா-பி அப்படி ஒன்று. புதிதாகச் செய்வது நின்றதும் அது தீர்ந்துபோகும். அது கட்டிவைத்திருந்த என்.எஃப்.-கப்பா-பி விடுபட்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் தூண்டும். சி-ஃபாஸ் போன்ற மரபணுக்களில் வரத்தும் கூடுகிறது, வடிகாலும் அடைபடுகிறது. அதனால் கருத்தரங்கில் சாரிடம் மரியாதையாக ஒன்றே ஒன்று கேள்: "ஆக்டினோமைசின் கொடுத்துப் பார்த்தார்களா?" அந்தக் கேள்விக்குக் கோபப்படும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

இனி, வடிகால் ஏன் அடைபடுகிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

தூது ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையில் தொப்பி, மறுமுனையில் ஏ எழுத்தாலான நீண்ட வால். வால் தேயத் தேயச் செய்திக்கு வயதாகிறது. வால் தேய்ந்ததும் தொப்பி கழற்றப்படும். பிறகு எக்ஸ்.ஆர்.என்.1 என்ற நொதி தொப்பி இருந்த முனையிலிருந்து மென்று தள்ளும். கோரைப்பாயின் ஓரக்கட்டு அவிழ்ந்தால் மற்றக் கோரை தானே உருவிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பாய், அது போல. வாலைத் தேய்ப்பது சி.சி.ஆர்.4-நாட் என்ற கூட்டணி. இத்தனையும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் இந்தக் கூட்டணி செய்தியை ஓரமாக நின்று தின்பதில்லை. செய்தியை வாசித்துப் புரதம் செய்துகொண்டு போகும் ரைபோசோமைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. இதை மாணவர்கள் பலர் தவறவிடுகிறார்கள்.

ஒரே அமினோ அமிலத்துக்குப் பல மூன்றெழுத்துக் குறியன்கள் உண்டு அல்லவா? சிலவற்றை ரைபோசோம் சரளமாக வாசிக்கும், சிலவற்றில் தயங்கி நிற்கும். தயக்கக் குறியன்கள் நிறைந்த செய்திகள் சீக்கிரம் அழிகின்றன என்று 2015-ல் ஈஸ்ட்டில் காட்டினார்கள். மனித செல்களிலும் குறியன்கள்தான் செய்தியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றன, அதுவும் செய்தி வாசிக்கப்படும்போது மட்டுமே என்பது 2019-ல் தெளிவானது. ஹீலா, 293டி, கே562 என்று வெவ்வேறு மனித செல் வகைகளில் சோதித்தார்கள். எழுத்து அப்படியே இருந்தாலும் வாசிப்பு இல்லையென்றால் அந்தத் தண்டனை இல்லை. ரைபோசோம் எங்கே தடுமாறுகிறது என்பதைக் கூட்டணி எப்படி அறிகிறது? ஈஸ்ட்டில் 2020-ல் அதையும் படம் பிடித்துவிட்டார்கள். ரைபோசோமுக்குள் மூன்று அறைகள் உண்டு. அடுத்த அமினோ அமிலம் வந்துசேரத் தாமதமானால், கடைசியில் இருக்கும் வெளியேறும் அறை காலியாகக் கிடக்கும். அந்தக் கூட்டணியின் ஒரு கை அங்கே நுழைந்து பார்க்கிறது. சைக்ளோஹெக்சிமைடு போய் உட்காருவதும் அதே வெளியேறும் அறையில்தான்! முதன்முதலில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் தகப்பனாரைச் சொன்னேன். வாய்க்கால் கரையில் விடியற்காலையில் மண்வெட்டியோடு நடப்பார். எங்கே கரை கசிகிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது, எந்த மதகில் பலகை உடைந்திருக்கிறது, எல்லாம் அவர் கால் படும்போதுதான் தெரியவரும். பழுதான கிளை வாய்க்காலை மூடச் சொல்வதும் அவர் வேலை. அவர் படுத்துவிட்ட நாளில் பழுது இல்லாமல் போய்விடாது. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ரைபோசோம் செல்லின் லஸ்கர். அது நடந்தால்தான் செய்தி புரதமாகும், அது நடந்தால்தான் செய்தி சாகவும் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. "புரத உற்பத்தி நின்றது" என்று பொதுவாக எழுதாதே, எந்த மருந்து என்று எழுது. சைக்ளோஹெக்சிமைடு ரைபோசோம்களை நடந்த இடத்திலேயே உறைய வைக்கிறது. செய்தியின் மீது அவை வரிசையாக நிற்கும். பியூரோமைசின் அப்படி அல்ல. அது அமினோ அமிலம் சுமந்துவரும் ஆர்.என்.ஏ.வின் நுனி போல வேடமிட்டு வளரும் சங்கிலியில் ஒட்டிக்கொண்டு, பாதிப் புரதத்தை அறுத்து விழச் செய்கிறது. ரைபோசோம் செய்தியை விட்டு இறங்கிவிடும். ஒன்றில் கரை முழுவதும் உறைந்த ஆட்கள், மற்றொன்றில் ஆளே இல்லாத கரை. இரண்டுக்கும் செல் ஒரே மாதிரி பதில் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இந்த அடைப்பை மனிதர்கள் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. 1970-களில் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் கிடைப்பது அரிது. மனித நார்முன் செல்களுக்குச் செயற்கை இரட்டை இழை ஆர்.என்.ஏ. கொடுத்துத் தூண்டினார்கள். கூடவே சைக்ளோஹெக்சிமைடும் கொடுத்தார்கள். இன்டர்ஃபெரான் செய்தி அழியாமல் செல்லுக்குள் தேங்கியது. கடைசியில் ஆக்டினோமைசின் கொடுத்து, சைக்ளோஹெக்சிமைடைக் கழுவிவிட்டதும், தேங்கிய செய்தி மொத்தமும் வாசிக்கப்பட்டு இன்டர்ஃபெரான் கொட்டியது. பலகை எடுத்த மதகு போல.

விவசாயி, திருவிடைமருதூர் வட்டம்

*போன தாளடியில் பி.பி.டி. நெல்லுக்குக் குலைநோய் வந்து கசுகாமைசின் அடித்தேன். புரதம் செய்வதைத் தடுக்கும் மருந்து என்று கடைக்காரர் சொன்னார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. அது அடித்தவன் உடம்பிலும் இந்த வேலையைச் செய்யுமா?*

உங்கள் அஞ்சலட்டையில்தான் ஐயா சேறு காய்ந்திருந்தது. மார்கழிப் பனியில் பி.பி.டி.க்குக் குலைநோய் வருவது நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த துயரம்.

கசுகாமைசின் ஜப்பானில் நாரா நகரத்துக் கசுகா கோயில் பக்கத்து மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து 1965-ல் கண்டெடுக்கப்பட்டது. பாக்டீரியாவின் ரைபோசோமில் செய்தி நுழையும் பாதையிலேயே உட்கார்ந்து, வாசிப்பு தொடங்குவதைத் தடுக்கிறது. குலைநோய்ப் பூஞ்சையிலும் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. பாலூட்டிகளுக்கு அதன் நச்சுத்தன்மை குறைவு. அதற்கு முன்பு ஜப்பானில் இதே நோய்க்குப் பயன்பட்ட பிளாஸ்டிசிடின்-எஸ் அப்படிப்பட்டதல்ல. அது மனித ரைபோசோமையும் நிறுத்தும், அடித்தவர்களுக்குக் கண் எரிச்சலும் தந்தது. இன்று அதை ஆய்வுக்கூடங்களில் மனித செல்களைக் கொல்லவே பயன்படுத்துகிறார்கள்.

நச்சு குறைவு என்றால் நச்சே இல்லை என்று பொருள் அல்ல. காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள், டப்பாவில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். அளவைத் தாண்டுவதால் பூஞ்சைக்குத்தான் பழக்கம் ஏறும், பயிருக்கு ஒரு லாபமும் இல்லை.

ஒரு தகப்பன், திருத்துறைப்பூண்டிப் பக்கம்

*எங்கள் மகளுக்கு நான்கு வயது. பீட்டா தலசீமியா. மாதத்துக்கு ஒருமுறை தஞ்சாவூர் கொண்டுபோய் ரத்தம் ஏற்றுகிறோம். என் மனைவி என் அத்தை மகள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. மரபணுச் சோதனைத் தாளில் 41/42 என்று எழுதியிருக்கிறது. பழுதான செய்தியைச் செல்லே அழித்துவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அழிக்காமல் விட்டால் கொஞ்சமாவது ரத்தம் ஊறாதா? அந்த மருந்து எங்கே கிடைக்கும்?*

தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்த மருந்து உங்கள் மகளுக்கு உதவாது, ஆபத்தானது. ஏன் என்று பொறுமையாக எழுதுகிறேன், வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

41/42 என்பது ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்குரிய செய்தியில் 41, 42-ஆம் குறியன்களில் நான்கு எழுத்து விடுபட்டிருக்கிறது என்று பொருள். இந்தியாவில் தலசீமியாவுக்கு அதிகம் காணப்படும் ஐந்து பிழைகளில் இதுவும் ஒன்று. செல் செய்தியை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கும். 'அவன் மகள் பழம் தரும் மரம்' என்று மூன்றெழுத்துச் சொற்களாக ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நான்கு எழுத்தை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் பிரியுங்கள். 'அவன் ழம்த ரும்ம ரம்' என்று வரும். விடுபட்ட இடத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் தேறாது. அப்படித்தான் 41-க்குப் பிறகு எல்லாம் உளறலாகி, 59-ஆவது இடத்தில் நிறுத்தக் குறியன் ஒன்று தற்செயலாக அமைந்துவிடுகிறது. முழுப் புரதத்துக்கு 146 அமினோ அமிலம் வேண்டும். இங்கே 58-லேயே முடிந்துவிடும், அதிலும் கடைசிப் பகுதி தப்பு.

இந்தச் செய்தி பழுதானது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும்போது, ஒவ்வொரு ஒட்டுக்கும் 20 முதல் 24 எழுத்து முன்னால் ஒரு அடையாளப் புரதக் கட்டு வைக்கப்படும். பீட்டா குளோபினில் மூன்று துண்டு, இரண்டு ஒட்டு. முதல் தடவை வாசித்துக்கொண்டு போகும் ரைபோசோம் அந்த அடையாளங்களைத் துடைத்துக்கொண்டே போகும். சரியான நிறுத்தக் குறியன் கடைசித் துண்டில் இருப்பதால், அதை எட்டும்போது முன்னால் ஒரு அடையாளமும் மிச்சமிருக்காது. அடுத்த ஒட்டுக்கு 50, 55 எழுத்துக்கு மேல் மிச்சமிருக்கும்போதே நின்றுவிட்டால், அதன் அடையாளம் துடைக்கப்படாமல் கிடக்கும். உடனே யு.பி.எஃப்.1 என்ற புரதம் அழிப்பவர்களைக் கூப்பிட்டுவிடும். ஈஸ்ட்டில் 1979-ல் பார்த்த இந்த வழக்கத்தை, 1981-ல் லின் மக்வாட் மனிதர்களில், அதுவும் தலசீமியா நோயாளிகளின் எலும்பு மஜ்ஜை செல்களில் காட்டினார். உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளின் மஜ்ஜைதான் இந்த அறிவை உலகத்துக்குக் கொடுத்தது.

சைக்ளோஹெக்சிமைடு கொடுத்தால் ரைபோசோம் அந்தப் பொய்யான நிறுத்தத்தை எட்டவே எட்டாது. அழிக்கும் கட்டளை பிறக்காது. பழுதான செய்தி குவியும். ஆனால் அதே மருந்துதான் எல்லாப் புரதத்தையும் நிறுத்திவைத்திருக்கிறது. செய்தி தங்கியும் பயன் இல்லை. மருந்தை எடுத்துவிட்டு வாசித்தாலும் கிடைப்பது அந்த 58 அமினோ அமிலக் குறைத்துண்டுதான். அது இரும்பையும் பிடிக்காது, ஆக்சிஜனையும் சுமக்காது. நிறுத்தக் குறியனைத் தாண்டி வாசிக்க வைக்கும் மருந்துகளைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லலாம். ஒரே ஒரு எழுத்து மாறி நிறுத்தம் வந்த பிழைகளுக்கு அந்த யோசனை பொருந்தும். நான்கு எழுத்து விடுபட்ட உங்கள் வீட்டுப் பிழையில், தாண்டி வாசித்தாலும் உளறல்தான் தொடரும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் இருவருக்கும் குறை ஏதும் இல்லாதது இந்த அழிப்பு வேலையால்தான். உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல மரபணுவும் ஒரு பழுதான மரபணுவும் இருக்கின்றன. பழுதான செய்தி பிறந்தவுடனேயே துடைக்கப்பட்டுவிடுவதால், நல்ல செய்தி தடையில்லாமல் வேலை செய்கிறது. கடைசித் துண்டில் 121-ஆம் இடத்தில் நிறுத்தம் வரும் பிழை ஒன்று உண்டு. அதற்கு அப்பால் ஒட்டு இல்லை, அடையாளமும் இல்லை. அந்தச் செய்தி தப்பித்துவிடும், நீளமான குறைப்புரதம் குவிந்து ரத்த செல்களைக் கெடுக்கும். அந்தப் பிழை உள்ளவர்களுக்கு ஒரு பழுதான மரபணு மட்டும் இருந்தாலே நோய் வந்துவிடுகிறது. செல் பழுதை அழிப்பது உங்கள் மகளுக்கு எதிரான வேலை அல்ல. அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் நிற்க வைத்திருப்பது அதுதான்.

செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். ரத்தம் ஏற்றுவதைத் தவறவிடாதீர்கள். ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தையும் நிறுத்தாதீர்கள். இதயத்தையும் ஈரலையும் கெடுப்பது அந்த இரும்புதான். அண்ணன், தம்பி, அக்கா யாராவது இருந்தால் திசுப் பொருத்தம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோர் ஒன்றானவர்களுக்குள் நால்வரில் ஒருவருக்குப் பொருந்த வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தை என்றால், ஒவ்வொரு முறையும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். கருவுற்ற 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சோதிக்கலாம். உங்கள் பிழையின் எண் கையில் இருப்பதால் அந்தச் சோதனை சுலபம், அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அத்தை வீட்டு, மாமா வீட்டுப் பிள்ளைகள் தாங்களும் பழுதான மரபணுவைச் சுமக்கிறார்களா என்று அறிய, கல்யாணத்துக்கு முன்பு ஹீமோகுளோபின் ஏ2 அளவு பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் கேட்ட மருந்து வேறு இடத்தில் நன்மை செய்கிறது. என்ன பிழை என்று தெரியாத நோயாளிகளின் வெள்ளணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, சில மணி நேரம் சைக்ளோஹெக்சிமைடோ பியூரோமைசினோ கொடுப்பார்கள். வழக்கமாகத் துடைக்கப்பட்டுவிடும் பழுதான செய்தி அப்போது தங்கும், கண்ணில் படும். லஸ்கரை ஒருநாள் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, எந்த வாய்க்கால் பழுது என்று அதிகாரி போய்ப் பார்ப்பது போல.

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மயிலாடுதுறை

*கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். அந்தச் செய்தி இன்னும் என் உடம்பில் வாசிக்கப்படுகிறதா?*

இல்லை ஐயா. கோவிஷீல்டு தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசியே அல்ல. முடமாக்கிய அடினோ வைரஸ் ஒன்று சுமந்துவந்த டி.என்.ஏ. அது. அதிலிருந்து உங்கள் செல் எடுத்த படிகள் மற்றத் தூது ஆர்.என்.ஏக்களைப் போலவே வால் தேய்ந்து மறைந்துவிட்டன. நேராகத் தூது ஆர்.என்.ஏ.வையே ஊசியில் தரும் வகையில், ஒரு எழுத்தை மாற்றி எழுதும் வழியைக் கண்ட கரிக்கோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் செய்தியும் நிலைத்து இருப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், சிதம்பரம்

*ரைபோசோமுக்கு நோபல் பரிசு வாங்கியவர் எங்கள் ஊரா?*

ஆமாம் தம்பி. வெங்கி ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் வடோதராவுக்குப் போய்விட்டது. ரைபோசோமின் சிறிய பாதியின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆன்டிபயாட்டிக்குகள் அந்தப் பாதியில் எங்கே போய் உட்காருகின்றன என்பதையும் அவர் குழு காட்டியது. மேலே விவசாயிக்குச் சொன்ன பதிலை மறுபடி படி, உனக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

பெயர் எழுதாத வாசகி, வேதாரண்யம்

*நாங்கள் கண்வலிக்கிழங்கு விதை சேகரித்து விற்கிறோம். விதையில் உள்ள மருந்துக்காக வெளிநாட்டுக்குப் போகிறதாம். அதுவும் செல்லில் புரதத்தை நிறுத்துகிற விஷமா அம்மா?*

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். செங்காந்தள் நம் மாநிலப் பூ. அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின். அது ரைபோசோமைத் தொடுவதில்லை. டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. டியூபுலின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்குழல்களாகி, செல்லுக்குள் சட்டமும் பாதையுமாக இருக்கும். கோல்ச்சிசின் ஒட்டினால் குழல்கள் உதிர்ந்து, தனித்தனி டியூபுலின் மிதக்கும்.

இதில் அதிசயம் என்னவென்றால், மிதக்கும் டியூபுலின் கூடியதும் செல் புது டியூபுலின் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது. 1979-ல் இதைக் கண்டார்கள். நம் வீட்டு முற்றத்து நித்யகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டினும் குழல்களைக் கலைப்பதுதான். ஆனால் அது டியூபுலினைப் படிகக் கட்டிகளாகச் சேர்த்துவிடுகிறது, மிதப்பது குறைந்துபோகிறது. அதனால் செல் டியூபுலின் செய்வதைக் கூட்டுகிறது. ஒரே மண்ணில் முளைக்கும் இரண்டு செடி, செல்லுக்குள் எதிரெதிர்க் கட்டளை.

டியூபுலின் கூடியிருக்கிறது என்ற தகவலை எதைப் பார்த்துச் செல் செயல்படுத்துகிறது? டி.என்.ஏ.வையும் அல்ல, ஆர்.என்.ஏ. எழுத்தையும் அல்ல. ரைபோசோமின் துளையிலிருந்து எட்டிப் பார்க்கும் புதுப் புரதத்தின் முதல் நான்கு அமினோ அமிலங்களைப் பார்க்கிறது. பீட்டா டியூபுலின் என்ற வகையில் அவை மெத்தியோனின், ஆர்ஜினின், குளூட்டமிக் அமிலம், ஐசோலியூசின். பிறந்து தலை மட்டும் வெளியே வந்த நிலையில் அடையாளம் கண்டு, அதைப் பெற்றுக்கொண்டிருக்கும் செய்தியை அழிக்கிறது. அடையாளம் காணும் புரதம் டி.டி.சி.5 என்பது 2020-ல்தான் தெரிந்தது. வாசிக்கப்படாத டியூபுலின் செய்தியைச் செல்லால் இப்படி அழிக்க முடியாது. மன்னார்குடிப் பெண்ணும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும். அவள் கேட்டதும் இதுவேதான்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். கோல்ச்சிசின் கவுட் என்ற மூட்டுவாதத்துக்கு மருந்து, ஆனால் மருந்தளவுக்கும் விஷத்தளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தோண்டும்போதும் விதை உடைக்கும்போதும் கையுறை போடுங்கள், அதே கையோடு வெற்றிலை போடாதீர்கள். காய வைத்த விதையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகும். உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள், தின்ற விதையில் இரண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.